மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள்

போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒன்றே முக்கால் வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அழ அழ மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ராகிக் கூழை ஊற்றியிருக்கிறார்கள். கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. பிழைத்துக்கொண்டான். ஆனால் நுரையீரலில் தொற்று வந்து, ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கவேண்டியதாயிற்று. இப்படி வரும் முதல் குழந்தையல்ல இது. கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "என்ன பண்றது டாக்டர், எதுவுமே திங்க மாட்டேங்குறான்."

அவன் எடை பத்தரை கிலோ. அந்த வயதுக்குச் சரியான எடை. எதுவுமே தின்னாத பிள்ளைக்கு இந்த எடை எங்கிருந்து வந்தது?

பெற்றோர் தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் 6 கிலோ ஆகும், ஒரு வயதில் 9 கிலோ. அதாவது முதல் வருடத்தில் மட்டும் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாவது வருடம் முழுவதும் சேர்த்து ஏறுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, அதனால் பசியும் குறைகிறது. இது நோய் இல்லை. கண் பட்டதும் இல்லை. "போன வருஷம் கிண்ணத்தைக் காலி பண்ணுவான், இப்போ ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறான்" என்று சொல்கிறீர்களே, ஒரு வயது தாண்டிய குழந்தை அப்படித்தான் இருக்கும். இன்று காலையில் ஒன்றும் வேண்டாம் என்பான், நாளைக்கு இரண்டு இட்லி கேட்பான். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, அளவு. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் பங்கு முதல் முழுக் கிண்ணம் வரை போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படி நாளுக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ சுண்டலை மசித்தோ கொடுக்கலாம். நம் வீடுகளில் பெரியவர் தட்டில் பாதியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, மிச்சம் வைத்தால் பதறுகிறோம்.

பதற்றத்துக்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அப்பா அம்மா ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட, ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் பிள்ளைகள் நிறைய. சாயங்காலம் போன் வந்ததும் முதல் கேள்வி "பாப்பா சாப்ட்டுதா?" என்பதுதான். பிள்ளை இளைத்துவிட்டால் பழி தன் தலையில் விழும் என்ற பயத்தில்தான் ஆயா கடைசி உருண்டையையும் திணிக்கிறார். போன் பண்ணும்போது "இன்னைக்கு என்ன விளையாடுச்சு?" என்று கேளுங்களேன். ஆயாவுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

வற்புறுத்தினால் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடுமா? சாப்பிடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகளிடம் சூப்பை முடி, முடி என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் சொன்னபோது பிள்ளைகள் குறைவாகத்தான் குடித்தார்கள், முகம் சுளித்தும் பேசினார்கள். "கீரையைத் தின்னா சாக்லேட்" என்ற பேரமும் இதே ரகம்தான். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். செல்போனைக் காட்டி ஊட்டுவது அதைவிட மோசம். வயிறு நிறைந்ததே பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது.

இந்தப் பிள்ளைகளே அங்கன்வாடியில் வரிசையாக உட்கார்ந்து, சோற்றையும் முட்டையையும் தன் கையால் எடுத்துத் தின்கிறார்கள். அங்கே யாரும் துரத்துவதில்லை, பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்துத் தானும் தின்கிறது. வீட்டிலும் அதையே செய்யுங்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இவை உங்கள் முடிவு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் களியும் கீரை மசியலும் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சின்ன உருண்டை அதன் தட்டிலும் வையுங்கள். சிந்தட்டும், பூசிக்கொள்ளட்டும். புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை வரை ஆகலாம். இரண்டு முறை துப்பியதும் "இவனுக்கு சாமை ஆகாது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டில் மாடு இருக்கிறது என்பதற்காக நாளுக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று புட்டியில் ஊற்றுகிறார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வயிறு பாலால் நிறைந்துவிட்டால் சோற்றுக்கு இடமேது? மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பாலே கதி என்று வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். அப்புறம் பெட்டிக்கடை 5 ரூபாய் பாக்கெட். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அதைக் கொடுத்துவிட்டுப் "பசிக்கவே மாட்டேங்குது" என்று வராதீர்கள்.

"பசி டானிக்" என்று மெடிக்கலில் நீங்களாக வாங்குவதில் பெரும்பாலானவை சைப்ரோஹெப்டடின் கலந்தவை. அது அலர்ஜி மருந்து, தூக்கத்தைத் தரும். நிறுத்தியதும் பசி பழையபடிதான். வேண்டாம்.

அழும் பிள்ளைக்கும் படுத்திருக்கும் பிள்ளைக்கும் எதையும் ஊட்டாதீர்கள். நான்கு வயதுக்குள் முழு நிலக்கடலை கொடுக்காதீர்கள், பொடித்துக் கொடுங்கள். தொண்டையில் அடைத்தால் கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள்.

எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, பிள்ளை வெளுத்துத் தெரிந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், கூட்டிவாருங்கள். அங்கன்வாடியில் எடை குறித்த அட்டையையும் கொண்டுவாருங்கள். பலர் அதை பீரோவில் வைத்துவிட்டு வருகிறார்கள், நான் எதை வைத்துச் சொல்வேன்? முந்தின நாள் காலை முதல் இரவு வரை பிள்ளை வாயில் போனதை எல்லாம், பால், பிஸ்கட் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள்.