கிராண்டை ஓரமாக வையுங்கள், பானெட்டைத் திறங்கள்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், இப்போது சிங்கப்பூரில் வேலை. அவருடைய தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தில், எழுபதுகளில் சின்னத்துரை (உதவி மேலாளர்) ஒருவர் சிவப்பு டட்சன் 240இசட் கார் வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்த கதையைத் தாத்தா கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். பேரனுக்கு அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. விலைக்கு ஒன்று வந்திருக்கிறது, முன்பணம் கையில் தயார். "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கண்ணே, கிராண்ட் சுத்தமா இருக்கு" என்றார்.

கிராண்ட், அதாவது காரின் பதிவுப் பத்திரம், சுத்தமாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல், கசங்காமல். சேசிஸ் நம்பர் (காரின் உடம்பில் குத்திய எண்), என்ஜின் நம்பர், தயாரித்த ஆண்டு எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் கிராண்ட் என்பது தாள். காரைப் பற்றி யாரோ சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லும். கார் தன்னைப் பற்றிச் சொல்வது இரும்பில் இருக்கிறது.

அன்று மாலையே விற்பவர் வீட்டுக்குப் போனோம். பானெட்டைத் திறந்தால் என்ஜின் பக்கத்தில் சின்ன அலுமினியத் தகடு ஒன்று அடித்திருக்கும். அதில் ஹெச்எஸ்30 என்று தொடங்கி ஒரு நம்பர், கிராண்டோடு அச்சாகப் பொருந்தியது. தம்பி முகத்தில் சிரிப்பு. எனக்கு அந்தத் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள்தான் உறுத்தின. ஐம்பது வருடக் காரில், தகடு மங்கிப் போயிருக்க, ரிவெட் மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது.

240இசட்டில் சேசிஸ் நம்பர் இன்னோர் இடத்திலும் இருக்கும். என்ஜினுக்குப் பின்னால், கேபினைப் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டிலேயே குத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருந்தது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். மேல் பெயிண்ட் இறங்கியது, அடியில் கொஞ்சம் புட்டி, அதற்கும் அடியில் எழுத்து. ஒரு வெள்ளைத் தாளை வைத்து 2பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். தாளில் எழும்பி வந்தது: ஹெச்எல்எஸ்30. பின்னால் வேறு எண்கள்.

அந்த நடு 'எல்' லெஃப்ட் ஹேண்ட். இடப்பக்க ஸ்டியரிங்கோடு, பெரும்பாலும் அமெரிக்காவுக்கென்று செய்த கார். நம் ஊர்க் காரில் அந்த எழுத்து வராது, வெறும் ஹெச்எஸ்30தான். ஆக, எங்கிருந்தோ வந்த இடப்பக்க ஸ்டியரிங் உடம்பு, அதன் மேல் துருப்பிடித்துச் செத்த ஓர் உள்ளூர்க் காரின் தகடும் கிராண்டும். குளோன் கார் என்று நாம் சொல்வது இதைத்தான். 280இசட்டுக்கும் அமெரிக்காவில் இதே ஹெச்எல்எஸ்30 எழுத்தைப் போட்டார்கள் என்பதால், அது உண்மையிலேயே 240தானா என்பதுகூட அந்த எண்களை முழுதாகப் பார்த்தால்தான் தெரியும். நான் அதுவரை போகவில்லை. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயர் மாற்றுவதற்கு முன் நடக்கும் பி5 என்ற வாகனச் சோதனையில் கிராண்டையும் இரும்பையும் ஒப்பிடுவார்கள். அங்கே மாட்டினால் பெயர் மாறாது, காரும் கையில் நிற்காது. விற்றவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம். சோதனையில் தப்பினாலும் நிம்மதி கிடையாது, விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதே நம்பரைத்தான்.

நம்பரைப் பார்க்கும்போது உப்புத்தாள், கம்பிப் பிரஷ் எதையும் தொடாதீர்கள். குத்தின எழுத்து தேய்ந்துபோனால் நாளைக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். தின்னர், துணி, தாள், பென்சில் போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுங்கள், பள்ளம் மேடு தெரியும். எழுத்துகள் ஒரே ஆழமா, ஒரே வரியில் நிற்கின்றனவா, சுற்றி கிரைண்டர் கீறல் இருக்கிறதா, தகட்டின் ஓரத்தில் வெல்டிங் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். புட்டி இருந்தால் பிடிக்காமல் வழுக்கும்.

என்ஜின் நம்பர் வேறு கதை. நம் ஊரில் ஹாஃப் கட் வாங்கி என்ஜின் மாற்றாத பட்டறை எது? ஜப்பானில் பாதியாக வெட்டிய கார் கப்பலில் வந்து இறங்கும், அதிலிருந்து என்ஜினும் கியர்பாக்ஸும் நம் காருக்குள் போகும். அது தப்பில்லை. ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) அனுமதி வாங்கி கிராண்டில் புது நம்பரை ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என்ஜின் நம்பர் மாறியிருந்தால் கேள்வி கேளுங்கள், சேசிஸ் நம்பர் மாறியிருந்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

இன்னொரு குழப்பம் 17 இலக்கம். இன்றைய கார்களுக்கு 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்த சேசிஸ் நம்பர். அமெரிக்கா 1981 மாடலிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதால். முதல் மூன்றும் யார் செய்தது என்று சொல்லும். நம்ம புரோட்டோன் பிஎல்1, பெரோடுவா பிஎம்2. ஆண்டு எழுத்து உள்ள கார்களில் பத்தாவது இடம் மாடல் ஆண்டு: எல் என்றால் 1990, எம் 1991, ஆர் 1994. ஆக, 1969 கார் என்று சொல்லி 17 இலக்கத்தைக் காட்டினால் அதுவே சந்தேகம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டது.

இந்த 17-ஐ இணையத்தில் தட்டிப் பார்த்து "செல்லாத நம்பர்" என்று வந்ததும் பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. ஒன்பதாவது இடம் வட அமெரிக்கக் கார்களில் கணக்குப் பார்த்துப் போடும் சோதனை எண். ஐரோப்பாவுக்குச் செய்த போர்ஷேயில் அந்தக் கணக்கே கிடையாது, இடத்தை நிரப்ப இசட் போட்டுவிடுவார்கள். போர்ஷேயின் குறியான டபிள்யூபி0 முடிந்ததும் மூன்று இசட் வரிசையாக நிற்பதும் அப்படித்தான். அமெரிக்கக் கணக்கை வைத்து அதைப் பார்த்தால் பொருந்தாமல்தான் போகும். கார் மேல் குற்றமில்லை.

ஜப்பான் உள்நாட்டுக் கார்களில் 17 இலக்கமே இருக்காது. மாடல் குறியீடு, ஒரு கோடு, வரிசை எண், அவ்வளவுதான். அந்தக் குறியீட்டிலேயே எல்லாம் அடங்கியிருக்கும். ஸ்கைலைன் ஆர்32 ஜிடிஆர் என்று கேட்கிற விலையைக் கொடுப்பதற்கு முன், குறியீடு பிஎன்ஆர்32 தானா என்று பாருங்கள். ஹெச்சிஆர்32 என்றிருந்தால் அது ஜிடிஎஸ்-டி. பம்பர், பேட்ஜ், அகலமான ஃபெண்டர் மாட்டினால் பார்க்க ஜிடிஆர் மாதிரிதான் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற கார் அதன் அடியில் இருக்காது.

சரி, "உலகத்திலேயே இத்தனைதான் செய்தார்கள்" என்கிற பேச்சுக்கு வருவோம். விலை ஏறுவது இங்கேதான்.

பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வீட்டில் எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று நிற்கிறது, பங்களாவிலிருந்து வாங்கியது. நம்பர் நாலாயிரத்துச் சொச்சம். அதனால் அது நாலாயிரத்துச் சொச்சமாவது கார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். டிசியின் நம்பர் ஒன்றில் தொடங்கவில்லை, 0251-இல் தொடங்குகிறது. ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251, அதையே முதல் காருக்கு வைத்துவிட்டார்கள். 1945 முதல் 1949 வரை ஓடிய அந்த வரிசை 10251 வரை போனது. செய்தது பத்தாயிரத்தை ஒட்டித்தான். இதைச் சொன்னபோது ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ என் கார் 250 இடம் முன்னால போயிருச்சா?" என்றார். நல்லதுதானே ஐயா என்றேன்.

ஜாகுவார் இ-டைப்பில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 1961-இல் வந்த 3.8 லிட்டர் காரில் வலப்பக்க ஸ்டியரிங் வைத்த திறந்த மாடல் 850001-இல் தொடங்கியது, கூரை வைத்தது 860001. இடப்பக்கத்தில் திறந்தது 875001, கூரை வைத்தது 885001. எட்டரை லட்சம் கார் செய்ததாக யாராவது நினைத்தால் தப்பு. கடைசி வரைக்கும் எல்லா வகையும் சேர்த்து 72,000-க்குக் கொஞ்சம் மேல். நம்பர் எங்கே தொடங்கியது, எந்த வகைக்கு எந்த வரிசை என்று தெரியாமல் எண்ணிக்கை பேச முடியாது.

"லிமிடெட்" என்று சொன்ன எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். போர்ஷே 911 கரெரா ஆர்எஸ் 2.7-ஐப் பந்தய விதிக்காக 500 செய்தால் போதும் என்று தொடங்கினார்கள். வாங்க ஆள் வந்துகொண்டே இருந்ததில் 1,580-இல் போய் நின்றது. மறுபக்கம் எம்ஜிபி. 1962-லிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்த காரை "அபூர்வம்" என்று விளம்பரம் போடுகிறார்கள். அதில் அபூர்வமானது ஜிடி வி8, 2,591 மட்டும். அதன் நம்பர் ஜிடி2டி1 என்று தொடங்கும், எல்லாமே கூரை வைத்தவை. எழுபதுகளின் திறந்த எம்ஜிபியைக் காட்டி "கம்பெனி போட்ட வி8" என்று யாராவது சொன்னால், என்ஜினை யார் மாற்றினார்கள் என்று கேளுங்கள். நன்றாக மாற்றியிருந்தால் ஓட்ட அருமையான கார்தான். அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

பிரிட்டிஷ் கார்களுக்கு ஒரு வசதி உண்டு. எம்ஜி, ட்ரையம்ஃப் போன்றவற்றின் தொழிற்சாலைப் பேரேடுகள் இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலும், ஜாகுவாருடையவை ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்டிலும் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் செய்த தேதி, முதல் நிறம், முதல் என்ஜின் நம்பர் எல்லாம் போட்டுச் சான்றிதழ் அனுப்புவார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய நம்பருக்குத்தான் அந்தச் சான்றிதழ். அந்த நம்பர் உங்கள் இரும்பில் முதலிலிருந்தே இருந்ததா என்பதை அங்கிருந்து யாராலும் பார்க்க முடியாது.

விற்கப் படம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சேசிஸ் நம்பரின் கடைசி நாலு எண்ணையாவது மறைத்துப் போடுங்கள். குளோன் செய்கிறவனுக்கு நீங்களே நல்ல நம்பரை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தம்பி தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தபோது பட்டறையில் ஒரு தாளை நீட்டினார். இந்த முறை அவரே பென்சிலால் தேய்த்து எடுத்திருந்தார், எழுத்து நல்ல தெளிவு. என்ஏ6சிஇ. ஜப்பானிலிருந்து வந்த மாஸ்டா ரோட்ஸ்டர், 1.6 லிட்டர். போய்ப் பார்த்தேன். தாளும் தகடும் கிராண்டும் ஒன்றையே சொல்லின.

"இது எத்தனைண்ணே செஞ்சாங்க?" என்றார்.

அந்த உருவத்தில் 4 லட்சத்துக்கு மேல் என்றேன், முகம் வாடுமோ என்று பார்த்துக்கொண்டே.

"அப்போ ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும்ல" என்றார்.