துவர்க்காத சிவப்பு ஒயின்: திராட்சைக்குள் நடப்பது என்ன?

சிவப்பு ஒயின் வாயைத் துவர்க்க வைக்கும் என்பார்கள், பிரான்சின் போஜொலே பகுதி ஒயின் மட்டும் ஏன் பழச்சாறு மாதிரி இறங்குகிறது, அதை ஏன் குளிர வைத்துத் தருகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் இது உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரள வைக்கிறது. வழுவழுப்பு போய் வாய் வறள்கிறது. பால் ஊற்றாத கடுந்தேநீரிலும் இதுதான் கதை. போஜொலேயில் விளையும் கமே திராட்சையில் டானின் இயல்பாகவே குறைவு.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது நொதிக்க வைக்கும் முறை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். பாரம் தாங்காமல் அடியில் இருப்பவை நசுங்கி நொதிக்கத் தொடங்குகின்றன. அதில் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிரப்பி ஆக்சிஜனை வெளியேற்றிவிடுகிறது. மேலே இருக்கும் பழங்களுக்கோ இன்னும் உயிர் இருக்கிறது! மூச்சுவிட வழியில்லாத அந்தச் செல்கள், ஈஸ்ட்டின் துணையே இல்லாமல், சொந்த நொதிகளைக் கொண்டு சர்க்கரையை ஆல்கஹாலாக்கிப் பிழைக்கின்றன. மாலிக் அமிலத்திலும் ஒரு பங்கு கரைந்து புளிப்பு தணிகிறது. பழ வாசனை தரும் சேர்மங்கள் உருவாகின்றன. தோலின் நிறம் சதைக்குள் கசிகிறது. ஆல்கஹால் சுமார் 2 சதவீதத்தைத் தொடும்போது செல்கள் மடிந்து பழம் வெடிக்கிறது. அப்புறம்தான் ஈஸ்ட்டின் முறை. தோலும் விதையும் ஆல்கஹாலில் நெடுநாள் ஊறாததால் டானின் அதிகம் இறங்குவதில்லை.

கார்பன் டை ஆக்சைடில் வைத்த திராட்சையின் சுவை மாறுவதை 1872-லேயே லூயி பாஸ்டர் கவனித்திருந்தார். 1934-ல் மிஷேல் ஃப்ளான்சி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். இடையில் அறுபது ஆண்டுகள்! உடனடிப் பயன் என்னவென்று கேட்டு ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் இந்த இடைவெளியை யோசிக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். குளிர்ச்சி துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். டானின் குறைந்த போஜொலேக்கு அந்தக் கவலை இல்லை, 13 டிகிரியில் தாராளமாகப் பரிமாறலாம். லியோன் நகரத்தில் இதைக் சோசிசோன் என்ற கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடு (சாசேஜ்) சாப்பிடுகிறார்கள். ஒயினின் புளிப்பு, கொழுப்பின் திகட்டலைப் போக்கிவிடுகிறது.

சிவப்பு ஒயினோடு மீன் கூடவே கூடாது என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒயினில் உள்ள இரும்புதான் கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பின் அளவு ஒயினுக்கு ஒயின் மாறும், நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுட்ட சால்மனோடு குளிர்ந்த போஜொலே ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.