வலப்பக்கத்துக் குடற்பைகள்

அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வலி எடுத்து, கூடவே காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் சொல்வது குடல்வாலாக இருக்கும் என்பதுதான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கும் முதலில் அதுவே தோன்றும். ஆனால் சிங்கப்பூரில், சிடி ஸ்கேன் எடுத்த பிறகு குடல்வால் ஒரு குறையும் இல்லாமல் இருப்பதும், அதற்குச் சற்று மேலே பெருங்குடலின் சுவரில் பட்டாணி அளவுப் பை ஒன்று வீங்கி, அதைச் சுற்றியுள்ள கொழுப்பு கலங்கித் தெரிவதும் அரிதன்று. ஸ்கேன் வசதி பரவலாவதற்கு முன்பு, குடல்வாலை எடுப்பதற்காக வயிற்றைத் திறந்த பிறகுதான் பலருக்கு உண்மை தெரியவந்தது. வீங்கிய அந்தக் கட்டியைப் புற்றுநோய் என்று ஐயுற்று, பெருங்குடலின் வலப்பாதியையே அகற்றிய நிகழ்வுகளும் உண்டு.

மருத்துவர்கள் டைவர்ட்டிகுலம் என்று சொல்லும் இந்தப் பையைக் குடற்பை என்று அழைக்கலாம். பைகள் இருப்பது மட்டும் நோயாகிவிடாது. பெரும்பாலோருக்கு அவை வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. அவற்றில் ஒன்று அழற்சியுற்றால் அதன் பெயர் டைவர்ட்டிகுலைட்டிஸ். லண்டனிலோ நியூயார்க்கிலோ அழற்சியுற்ற குடற்பையுடன் வருபவருக்குப் பெரும்பாலும் வலி இடப்பக்கத்தில்தான் இருக்கும், ஏனெனில் பைகள் உள்ள மேலை நாட்டவரில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அவை மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள சிக்மாய்டு பகுதியில் உண்டாகின்றன. நம் பக்கத்திலோ, குறிப்பாகக் கிழக்காசியரிடையே, அவை வலப்பக்கத்தை நாடுகின்றன. இந்தப் பக்க மாற்றத்தைச் சிறிய விவரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நோயைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த கதையில் ஓட்டை விழுவது இங்கேதான்.

பை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். பெருங்குடலின் சுவரில் உள்ளிருந்து வெளியே வர, முதலில் மெல்லிய சவ்வு, அதன் அடியில் இரத்தக் குழாய்கள் ஓடும் தளர்வான அடுக்கு, அதற்கப்பால் குடலை வளையமாகச் சுற்றிய வட்டத்தசை என்று அடுக்குகள் அமைந்துள்ளன. நீளவாக்கில் ஓடும் தசை மட்டும் குடலை முழுவதுமாகப் போர்த்தாமல் மூன்று பட்டைகளாகத் திரண்டுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் சிறு தமனிகள் உட்சவ்வுக்கு இரத்தம் கொண்டுசெல்ல வேண்டுமானால், இந்தப் பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வட்டத்தசையைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். தமனி நுழையும் ஒவ்வோர் இடமும் தசையில் ஓர் இடைவெளி. டயரில் கிழிசல் விழுந்த இடத்தில் உள்ளிருக்கும் டியூப் புடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பதைப் போல, உட்சவ்வும் அதன் அடியடுக்கும் அந்த இடைவெளி வழியாக வெளியே பிதுங்குகின்றன. பையின் சுவரில் தசை இல்லாததால் இதைப் பொய்ப்பை என்பார்கள். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயின் தொடக்கத்தில் வரும் ஸெங்கர் பையும் இந்த வகைதான். சிறுகுடலில் நூற்றில் ஏறத்தாழ இருவருக்குப் பிறவியிலேயே இருக்கும் மெக்கெல் பை அப்படியன்று. குடலின் எல்லா அடுக்குகளும் அதில் இருப்பதால் அது மெய்ப்பை.

கிழிசல் இருந்தால் மட்டும் டியூப் புடைத்துவிடாது, உள்ளே காற்றின் அழுத்தமும் வேண்டும். அந்த அழுத்தத்தை 1960களில் அளந்து பார்த்தவர் இங்கிலாந்து அறுவை மருத்துவர் நீல் பெயின்ட்டர். குடல் சுருங்கும்போது, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இறுகி நடுவில் ஒரு மூடிய அறையை உண்டாக்கிக்கொள்கிறது என்பதும், அந்த அறைக்குள் அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. குழாய் எவ்வளவு குறுகலோ, அதே தசை இறுக்கத்துக்கு உள்ளே அழுத்தம் அவ்வளவு கூடும் என்பது லாப்லாஸின் விதி. பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் அகலம், சிக்மாய்டோ 2.5 சென்டிமீட்டர்தான். ஆகவே பைகள் சிக்மாய்டில் வருவதற்கு இயற்பியலே காரணம் சொல்லிவிட்டது போலிருந்தது.

அதற்கு உணவுக் காரணத்தைச் சேர்த்தவர் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய இந்த ஐரிஷ் அறுவை மருத்துவர், தம் ஆப்பிரிக்க நோயாளிகளிடம் குடற்பைகளை ஏறக்குறைய காணவே இல்லை. அவர்கள் நார்ச்சத்து மிகுந்த உணவை உண்டார்கள். மலம் மென்மையாகவும் அளவில் பெரிதாகவும் இருந்தது. பிரிட்டனிலோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருளை ஆலைகள் வந்து மாவிலிருந்து தவிட்டை நீக்கிவிட்டன. மலம் சிறுத்து இறுகியது, அதைத் தள்ளக் குடல் கூடுதலாக முக்கியது, பைகள் பிதுங்கின. 1971இல் பெயின்ட்டரும் பர்கிட்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இதை நார்ச்சத்துக் குறைபாட்டு நோய் என்றே அறிவித்தது. அதுவரை நார் குறைந்த மென்மையான உணவைப் பரிந்துரைத்துவந்த மருத்துவ உலகம் சில ஆண்டுகளுக்குள் எதிர்த்திசையில் திரும்பித் தவிட்டைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. எளிமையும் அழகும் கூடிவந்த கோட்பாடு அது; அந்த அழகே அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிட்டது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் கேள்வி தானாகவே எழுகிறது. 1986இல் வெளியான உள்ளூர் பிரேதப் பரிசோதனை ஆய்வு ஒன்று, இங்கே குடற்பைகள் அரிதல்ல என்பதையும் அவை முதன்மையாக வலப்பக்கத்தில் இருப்பதையும் காட்டியது. வலப்பக்கம்தான் குடலின் அகலமான பகுதி. லாப்லாஸின் விதிப்படி அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. அங்கே மலம் கட்டியாகக்கூட இருப்பதில்லை, சிறுகுடலிலிருந்து வந்து விழும்போது அது கூழ்தான். இறுகிய மலத்தைத் தள்ளும் முயற்சியில் பை பிதுங்கியது என்ற விளக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. உணவு மாறினால் பக்கமும் மாறிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஹவாயில் குடியேறிய ஜப்பானியர்கள் ஏமாற்றம் தந்தார்கள். அவர்கள் உணவு பெரிதும் அமெரிக்கமயமான பிறகும், பைகளின் எண்ணிக்கை கூடியதே தவிர, அவை வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை.

2012இல் மேலை நாட்டிலிருந்தே ஓர் அடி விழுந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில், கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொண்ட 2,104 பேரிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்தபோது, நார்ச்சத்து மிகுதியாக உண்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தன. பைகள் உருவாகப் பல்லாண்டு ஆகும்போது அண்மைக்கால உணவை மட்டும் கேட்டு முடிவுகட்டலாமா என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். ஆனாலும் பழைய நம்பிக்கை அதன் பிறகு முன்போல் நிற்கவில்லை.

அப்படியானால் வேறென்ன? கவனம் இப்போது டியூபைவிட டயரின் பக்கம் திரும்பியிருக்கிறது. பைகள் உள்ள சிக்மாய்டில் நீள்தசைப் பட்டைகளுக்குள் எலாஸ்டின் என்னும் மீள்நார் இயல்பைவிட இரண்டு மடங்குக்குமேல் கூடியிருப்பதை 1985இலேயே லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். அதனால் குடல் நீளத்தில் சுருங்கி, ஹார்மோனியத்தின் துருத்தி போல் மடிப்பு மடிப்பாகிவிடுகிறது. பிறவியிலேயே இணைப்புத் திசு நலிந்த மார்ஃபான், ஏலர்ஸ்-டான்லோஸ் நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே பைகள் தோன்றுவதும் அதே திசையைக் காட்டுகிறது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், இந்நோய்க்கான சாய்வில் முறையே ஏறத்தாழ 40, 53 விழுக்காடு மரபுவழி வருவதாகக் கணித்தார்கள். பிறகு வந்த பெரிய மரபணு ஆய்வுகள் இணைப்புத் திசு, குடற்தசை, குடல் நரம்பு ஆகியவற்றோடு தொடர்புடைய பல பத்து மரபணுப் பகுதிகளைச் சுட்டின. அவற்றில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள் என்பதால், வலப்பக்கத்தின் கதை அங்கேயும் முழுதாக இல்லை.

பைகள் வருவது வேறு, வந்த பைகள் அழற்சியுறுவது வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நார்ச்சத்து தோற்றது முதலாவதில் மட்டும்தான். பிரிட்டனில் 47,033 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குடற்பை நோயால் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ நேரும் வாய்ப்பு சைவ உணவினருக்கு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. உடற்பருமன், புகைபிடித்தல், மிகுதியான சிவப்பு இறைச்சி, அடிக்கடி விழுங்கும் சிலவகை வலி மாத்திரைகள் ஆகியவை அழற்சியின் வாய்ப்பைக் கூட்டுபவை.

உணவு என்றதும் என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். பிடோக்கில் வசிக்கும் அவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் கொலோனோஸ்கோபியில் பைகள் தெரிந்தபோது, விதையுள்ள எதையும் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கொய்யாவை நான்காக வெட்டி, விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு ஓரத்தை மட்டும் உண்பார். எள்ளுருண்டை வீட்டுக்குள் வரவில்லை. ரசத்தில் தாளித்த கடுகைக்கூட வடிகட்டினார். விதை பைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்ற எண்ணம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் 47,228 அமெரிக்க ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், கொட்டைப் பருப்புகளும் சோளப்பொரியும் மிகுதியாக உண்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை, குறையவே செய்தது. ஸ்ட்ராபெரி போன்ற சிறு விதைப் பழங்களும் தீங்கு செய்யவில்லை. எள்ளையும் கடுகையும் அவர்கள் எண்ணவில்லை என்றாலும், அவற்றை மட்டும் குற்றவாளியாக்கக் காரணம் ஏதும் இல்லை.

அழற்சி தொடங்குவது பையின் கழுத்தில் மலத்துணுக்கு அடைத்துக்கொள்வதால் என்ற பழைய விளக்கம் இன்னும் புழங்குகிறது. குடல்வாழ் நுண்ணுயிர்களின் மாற்றத்தையும், உடல் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியையும் இப்போது அதனுடன் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரத்தக் கசிவின் வழி இன்னும் தெளிவானது. பை பிதுங்கியது தமனி நுழையும் வாசல் வழியாக என்பதால், அந்தத் தமனி பையின் முதுகின்மேல் நீண்டு கிடக்கிறது; அதற்கும் குடலின் உட்புறத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் அங்கே உராய்வு பட்டு, தமனியின் உட்பக்கச் சுவர் நைந்து ஒருநாள் வெடித்தால், வலி ஏதுமின்றித் திடீரென்று நிறைய இரத்தம் போகும். பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடுகிறது. வலப்பக்கப் பைகள் அழற்சியில் பொதுவாகச் சாதுவானவை. இரத்தம் கசிவதில் அப்படியல்ல. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை அன்றாடம் உட்கொள்ளும் முதியவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சிகிச்சையிலும் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. சீழ்க்கட்டியோ துளையோ இல்லாத எளிய அழற்சிக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் என்பதில் ஒருகாலத்தில் யாருக்கும் ஐயமில்லை. சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட சோதனையிலும், நெதர்லாந்தில் 528 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையிலும், அம்மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் தேறினார்கள். அதன்பின் பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் தளர்த்தப்பட்டன. கடுமையான காய்ச்சல், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு, சீழ்க்கட்டி ஆகியவை இருந்தால் கதை வேறு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டு சோதனைகளும் சேர்த்துக்கொண்டது இடப்பக்க அழற்சி உள்ளவர்களை மட்டுமே. வலப்பக்க அழற்சி பெரும்பாலும் அறுவையின்றித் தணிவதும், திரும்ப வருவது குறைவாக இருப்பதும் ஆசிய மருத்துவமனைகளின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டவை.

இங்கே 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுதோறும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உள்ளதா என்று சோதித்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கப்படுகிறது. இரத்தம் தென்பட்டுக் கொலோனோஸ்கோபி செய்யும்போதுதான் பலருக்குப் பைகள் இருப்பதே தெரியவருகிறது. பைகள் இருப்பது முன்பே தெரிந்திருந்தாலும், இரத்தப்போக்குக்கு அவைதான் காரணம் என்று நாமாகவே தீர்ப்பெழுதிவிட முடியாது. அதே குடலில் புற்றுநோயும் இருக்கக்கூடும். அழற்சி தணிந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு மருத்துவர் கொலோனோஸ்கோபிக்கு அழைப்பதும் பெரும்பாலும் அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கே. சோதனை முடிந்து தரும் அறிக்கையில் பைகள் வலப்பக்கத்து ஏறுகுடலில் உள்ளனவா, இடப்பக்கத்துச் சிக்மாய்டில் உள்ளனவா என்று ஒரு வரி இருக்கும். வலப்பக்கம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். என்றாவது ஓரிரவு வலப்பக்க வலியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், குடல்வாலைத் தேடும் மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.