த்ரெஷோல்ட்: ‘நுழைவாயில்’ வேண்டாம், ‘வரம்பு’ போதும்

சர்வர் வன்பொருளின் நலத்தைக் கட்டளை வரியிலிருந்து கவனிப்பது பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘மேல் நுழைவாயில்’, ‘கீழ் நுழைவாயில்’, ‘வெப்பநிலை நுழைவாயிலை மீறியது’ என்றெல்லாம் வருகிறது. வெப்பநிலை எந்த வாயில் வழியாக எதற்குள் நுழைந்தது என்று படிப்பவர் திகைத்துத்தான் போவார். தாண்டினால் நிலை மாறும் அளவைக் குறிக்கும் த்ரெஷோல்ட் என்ற சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ‘நுழைவாயில்’ என்ற சொல்லால் ஒரு பொருளும் விளங்கவில்லை என்பதை எழுதியே ஆகவேண்டும்.

வேர்க்கதை சிறியது. பழைய ஆங்கிலத்தில் இது கதவின் அடியில் கிடக்கும் நிலைப்படி. சொல்லின் முன்பாதி, மிதித்தல், கதிரடித்தல் என்று பொருள்தரும் வினையோடு உறவுடையது; பின்பாதி எங்கிருந்து வந்தது என்பதில் தெளிவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள், ஒரு தூண்டல் எவ்வளவு வலுத்தால் மனம் அதை உணரும் என்ற அளவுக்கு நிலைப்படியைக் குறிக்கும் தங்கள் சொல்லையே வைத்தார்கள். குஸ்டாவ் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூல் அந்த வழக்கை நிலைநிறுத்தியது. ஆங்கிலமும் அதையே பின்பற்றியது. பிறகு மின்னணுவியலுக்குள் வந்து சேர்ந்தபோது கதவும் படியும் உதிர்ந்துபோய், ‘இந்த அளவைத் தாண்டினால் நிலை மாறும்’ என்ற பொருள் மட்டுமே எஞ்சியது. உதிர்ந்துபோன கதவைத் தமிழில் தேடிப்பிடித்து மாட்டுவது மொழிபெயர்ப்பாகாது.

சர்வரில் இதன் வேலை என்ன? தாய்ப்பலகையில் பிஎம்சி என்ற தனிச் சில்லு இருக்கிறது. இயங்குதளம் உறைந்து நின்றாலும், சர்வர் அணைந்திருந்து மின்இணைப்பு மட்டும் இருந்தாலும், அது விழித்திருந்து உணரிகளைப் படிக்கும். அதனோடு பேசும் ஐபிஎம்ஐ நெறிமுறை 1998இல் வந்தது. இன்றும் பரவலாக உள்ள 2.0 பதிப்பு 2004இல் வந்தது. அந்த நெறிமுறையைப் பயன்படுத்தும் கட்டளைக் கருவி ஐபிஎம்ஐடூல். ‘ஐபிஎம்ஐடூல் சென்சார்’ என்று கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு உணரிக்கும் ஒரு வரி வரும். பெயர், இப்போதைய அளவு, அலகு, நிலை ஆகியவற்றுக்குப் பின்னால் ஆறு எண்கள் நிற்கும். அந்த ஆறும்தான் த்ரெஷோல்டுகள்: கீழே மூன்று, மேலே மூன்று. அளவு அவற்றுக்கு நடுவே இருந்தால் நிலைப்பகுதியில் ‘ஓகே’ என்று இருக்கும். தாண்டினால் ‘என்சி’ (நான்-கிரிட்டிகல்), ‘சிஆர்’ (கிரிட்டிகல்), ‘என்ஆர்’ (நான்-ரெகவரபிள்) என்று மாறும்.

இப்போது ‘நுழைவாயில்’ என்ற சொல்லை இந்த வரியில் பொருத்திப் பாருங்கள். நுழைவாயில் என்பது உள்ளே போகும் இடம். 12 வோல்ட் தடத்தில் மின்னழுத்தம் 11.4க்குக் கீழே சரிகிறது. விசிறி மெதுவாகி நிற்கப்போகிறது. இரண்டிலும் நுழைவது ஏது? சரிவைத்தான் பார்க்கிறோம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியான கேட்வேக்கு ‘நுழைவாயில்’ என்ற பெயர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது, அதுவும் பொருத்தமாக. அதே ஐபிஎம்ஐடூலில் ‘லேன் பிரிண்ட்’ கொடுத்தால் பிஎம்சியின் இயல்புக் கேட்வே முகவரி வரும். ஒரே கருவி, ஒரே திரை. ஒரு பக்கம் நுழைவாயில் என்பது ஐபி முகவரி, மறுபக்கம் நுழைவாயில் என்பது 85 டிகிரி. நள்ளிரவில் எச்சரிக்கைச் செய்தியைத் திறந்து ‘நுழைவாயில் பிழை’ என்று பார்ப்பவர் கேபிளைச் சோதிக்கப் போவாரா, விசிறியைப் பார்க்கப் போவாரா?

த்ரெஷோல்டுக்கு வைக்கும் அடுத்த சொல் ‘தொடக்கநிலை’. இதன் பக்கம் நிற்பவர்கள் பள்ளி இயற்பியலைக் காட்டுவார்கள். ஒளிமின் விளைவில் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ என்று படித்திருக்கிறோம் அல்லவா என்பார்கள். அங்கே அது மிகச் சரி. அந்த அதிர்வெண்ணிலிருந்துதான் எலக்ட்ரான் வெளிவரத் தொடங்குகிறது, பயன் தொடங்குகிறது. ஆக்கியவர் இயற்பியலைப் புரிந்துகொண்டு ஆக்கியிருக்கிறார். ஆனால் அதை வெட்டிச் சுருக்கி, ‘பயன்’ என்ற உயிரை எடுத்துவிட்டுத் ‘தொடக்கநிலை’ என்று எல்லா இடத்திலும் ஒட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. ‘கீழ்த் தொடக்கநிலை 11.4 வோல்ட்’ என்றால், சர்வரை இயக்கியதும் முதலில் காட்டும் மின்னழுத்தம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். தொடக்கநிலை என்பது ஆரம்பநிலை. தொடக்கநிலை மாணவர், தொடக்கநிலை அமைப்பு என்று வேறு பொருளில் நாள்தோறும் புழங்கும் சொல். வட்டுக்கு வந்தால் இது இன்னும் தலைகீழாகும். வட்டின் நலத்தைப் படிக்கும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை காட்டும் பட்டியலில், ஒவ்வொரு பண்பின் இயல்பாக்கிய மதிப்பும் (பொது அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண்) பெரும்பாலும் 100, 200 போன்ற உயரத்தில் ஆரம்பித்து, வட்டு தேயத் தேயக் கீழே இறங்கும். இறங்கி த்ரெஷோல்டைத் தொட்டால் பழுது. முடிவைக் குறிக்கும் எண்ணுக்குத் தொடக்கநிலை என்று பெயரா?

‘வரம்பு’ நல்ல பழந்தமிழ்ச் சொல். வயலின் வரப்பும் அதுதான்; நீர் ஓரளவுக்கு மேல் போகாமல் கட்டிய மேடு. இதற்கு ஓர் எதிர்ப்பு உண்டு: வரம்பு என்றால் தாண்டவே முடியாதது, த்ரெஷோல்ட் தாண்டக்கூடியது, இரண்டும் ஒன்றாகுமா என்பார்கள். தமிழை மறந்தவர்தான் இப்படிக் கேட்பார். ‘வரம்பு மீறினான்’ என்பது நம் வாயில் இயல்பாக வரும் தொடர். மீறப்படக்கூடியது என்பதும், மீறினால் விளைவு உண்டு என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. வயது வரம்பு என்றால் குறைந்த வயது, அதிக வயது என இருபுறமும் அடங்கும். மேல், கீழ் என்ற அடைகளை ஏற்க அதற்கு எந்தச் சிரமமும் இல்லை. ‘எல்லை’ தவறில்லை, ஆனால் அது நிலத்தையே முதலில் நினைவூட்டும்.

அப்படியானால் லிமிட்டுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி நியாயமானது. ‘ஐபிஎம்ஐடூல் டிசிஎம்ஐ பவர் செட்_லிமிட்’ கொண்டு சர்வர் இத்தனை வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கக்கூடாது என்று கட்டலாம். இது கருவி தானே காக்கும் கட்டு. இதற்கு ‘உச்சவரம்பு’ இருக்கிறது. த்ரெஷோல்ட் எதையும் தடுக்காது, தாண்டியதைச் சொல்லும். குழம்பக்கூடிய இடத்தில் ‘எச்சரிக்கை வரம்பு’ என்று அடை கொடுத்தால் போதும்.

ஆறு எண்களுக்கும் பெயர் வைக்கும்போதுதான் மொழிபெயர்ப்பாளர்களின் அலட்சியம் முழுதாக வெளிப்படுகிறது. கிரிட்டிகல் என்பதை ‘முக்கியமான’ என்றும், இயந்திரத்தை நம்பியவர்கள் ‘விமர்சன’ என்றும் எழுதுகிறார்கள். ‘விமர்சன வெப்பநிலை’யாம்! நான்-கிரிட்டிகல் ‘முக்கியமற்றது’ ஆகிவிடுகிறது. அது முக்கியமற்றதே இல்லை. சரிசெய்ய நேரம் இருக்கும்போதே வரும் முதல் குரல் அது. முக்கியமற்றது என்று திரையில் எழுதிவைத்தால் யார் எழுந்து பார்ப்பார்? நிலைக்குறிகளுக்கு நேராக இப்படி வைக்கலாம்: ‘என்சி’ எச்சரிக்கை வரம்பு, ‘சிஆர்’ அபாய வரம்பு, ‘என்ஆர்’ மீளா வரம்பு. முன்னால் மேல் அல்லது கீழ் சேர்த்தால் ஆறும் வந்துவிடும்.

எச்சரிக்கை எழும் அளவுக்கும் அடங்கும் அளவுக்கும் நடுவே விடும் இடைவெளி ஹிஸ்டெரிசிஸ். அதற்குக் காந்தவியலில் ‘தயக்கம்’ என்ற சொல் உண்டு. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம். மேல் எச்சரிக்கை வரம்பு 80 டிகிரி, தயக்கம் 2 டிகிரி என்றால், 80ஐத் தொட்டதும் எச்சரிக்கை எழும். 78க்குக் கீழே போன பிறகே அடங்கும். தயக்கம் இல்லாவிட்டால் 79க்கும் 80க்கும் இடையே அளவு ஊசலாடும் ஒவ்வொரு முறையும் நிகழ்வுப் பதிவேட்டில் வரி சேரும். அந்தப் பதிவேடு சிறியது. நிரம்பினால் பல பலகைகளில் புதிய நிகழ்வுகள் பதிவாகாமலே போகும். ‘ஐபிஎம்ஐடூல் செல் இன்ஃபோ’ எத்தனை சதவீதம் நிரம்பியது என்று காட்டும்.

வரம்பு என்று புரிந்துகொண்டவருக்கு வட்டு அறிக்கையும் சரியாக விளங்கும். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ ஒட்டுமொத்த நலத்துக்கு ‘பாஸ்ட்’ (தேறியது) என்று சொல்வதன் பொருள், உற்பத்தியாளர் வைத்த வரம்பு எதுவும் இப்போது மீறப்படவில்லை என்பது மட்டுமே. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களை, அதாவது வட்டின் சிறு பகுதிகளை, எண்ணும் 197ஆம் பண்புக்குப் பல வட்டுகளில் வரம்பு 0. அதை மதிப்பு தொடப்போவதே இல்லை. ஆகவே அங்கே இயல்பாக்காத கச்சா எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது பூச்சியத்தைவிட்டு ஏறத் தொடங்கினால், ‘பாஸ்ட்’ என்று இருந்தாலும் காப்புநகலைச் சரிபார்த்து, மாற்று வட்டைத் தயாராக வைக்க வேண்டும்.

வரம்பை மாற்றும் தேவையும் வரும். மெதுவாகச் சுழலும் அமைதியான விசிறியை மாட்டினால், அதன் இயல்பான வேகமே பழைய விசிறிக்கு வைத்த கீழ் அபாய வரம்புக்குக் கீழே கிடக்கும். விசிறி செத்துவிட்டதாக எண்ணி பிஎம்சி எல்லா விசிறிகளையும் முழுவேகத்துக்கு ஏற்றும், வேகம் வரம்பைத் தாண்டியதும் இறக்கும், மீண்டும் ஏற்றும். ‘ஐபிஎம்ஐடூல் சென்சார் த்ரெஷ் ஃபேன்1 லோயர் 100 200 300’ என்று கீழ் மூன்றையும் இறக்கிவிட்டால் அடங்கும். வரிசை மீளா, அபாய, எச்சரிக்கை. எண்கள் ஏறுமுகமாக இருக்க வேண்டும், மூன்றும் விசிறியின் மிகக் குறைந்த வேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உணரியின் அளவை 8 பிட்டில், அதாவது 256 படிகளுக்குள், அடைப்பதால் கொடுத்த எண் அருகிலுள்ள படிக்கு நகர்ந்திருக்கலாம். கட்டளை முடிந்ததும் பட்டியலை மறுபடி எடுத்து, பதிவான எண்ணைப் பாருங்கள். சில பலகைகளில் பிஎம்சியை மறுதொடக்கம் செய்தால் பழைய வரம்புகளே திரும்பிவிடும் என்பதால், அதன் பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும்.