அக்கா சொல்லாமல் போன நாள்

அவருக்கு வயது 34. இரண்டு முறை நிச்சயமாகி, இரண்டு முறையும் கல்யாணம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "மாப்பிள்ளைங்க மேல ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் யாரோடயும் ஒட்டாது. என் குணமே அப்படி" என்றார், என்னிடம் ஆலோசனைக்கு வந்த முதல் நாளிலேயே. பேசிய ஐம்பது நிமிடமும் கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிங்கப்பூரில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் நான், "என் குணமே அப்படி" என்ற பேச்சை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். கேட்டதும் ஒப்புக்கொள்வதில்லை. நம் குணம் என்று நாம் நினைப்பதில் பாதி, ஏழெட்டு வயதில் நாமே எடுத்த முடிவு. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "அப்படி இல்லைம்மா" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதால், அது அப்படியே தங்கிவிட்டது.

நாலாவது சந்திப்பில்தான் அவருடைய கதை வெளியே வந்தது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் வந்திருக்கிறார். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. சோறு ஊட்டுவது, பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது, தலை பின்னிவிடுவது எல்லாம் 'அக்கா'தான். ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளி முடிந்து வந்தால் அக்கா இல்லை. ஒப்பந்தம் முடிந்து காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். முன்னாடியே சொன்னால் பிள்ளை அழும் என்று யாரும் சொல்லவில்லை. மேசையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது. ஐந்து நாளுக்கான சீருடை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் அடுக்கியிருந்தது. அந்த வாரக் கடைசியில் அம்மா, இனிமேல் பின்னிவிட ஆளில்லை என்று முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்.

"முடி போனதைத்தான் இத்தனை வருஷம் நினைச்சு அழுதிருக்கேன். அக்காவை நினைச்சு அழுததே இல்லை" என்றார்.

முந்தின இரவு, கத்திரிக்காய் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார். அதனால்தான் அக்கா கோபித்துக்கொண்டு போனார் என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளை நம்பியது. வேலை அனுமதி, ஒப்பந்தம், ஏஜெண்ட் என்று பெரியவர்களுக்கு ஆயிரம் காரணம் தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தது தன்னை மட்டும்தான், அதனால் காரணத்தையும் தனக்குள்ளேயே தேடும். நான்தான் தப்பு செய்தேன் என்பது அது எடுத்த முதல் முடிவு. இனி யார்மேலும் ரொம்ப ஒட்டக் கூடாது என்பது இரண்டாவது. ஒன்பது வயதில் அந்த இரண்டாவது முடிவு அவரைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு மூன்று பணிப்பெண்கள் மாறியிருக்கிறார்கள், ஒருவருக்காகவும் அவர் அழவில்லை. ஆனால் அதே முடிவுதான் இன்றைக்குக் கல்யாணப் பேச்சுக்குக் குறுக்கே நிற்கிறது.

பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிய கோட்பாட்டை உருவாக்கியவர் ஜான் பௌல்பி (1907-1990) என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அவரையும் வளர்த்தது ஒரு பணிப்பெண்தான். அவருக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்த துக்கத்துக்கு அது குறைந்ததல்ல என்று பௌல்பி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் ஊர் அடுக்குமாடி புளோக்குகளில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று யோசிக்கும்போது எனக்கு மனசு பதைக்கிறது.

என்னிடம் வந்த இன்னொருவருக்கு நாற்பது வயது இருக்கும். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். பதவி உயர்வு மூன்று முறை தேடி வந்தும் வேண்டாம் என்றவர். தொடக்கநிலை ஐந்தில் அவரை, படிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று இருந்த ஈஎம்3 பிரிவில் போட்டார்கள். 1990களில் இங்கே படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் பாரம் தெரியும். பள்ளியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தீபாவளிக்கு வந்த மாமா, பிள்ளைகளிடம் விடுகதை போட்டுக்கொண்டிருந்தவர், "அவன் ஈஎம்3, அவன்கிட்ட ஏன் கேட்கிறீங்க" என்றார். பையனுக்கு விடை தெரியும். அன்றைக்கு வாயை மூடியவர்தான். ஈஎம்3 பிரிவு 2008இல் போனது, உயர்நிலையில் இருந்த பிரிவுகளையும் 2024இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருக்குள் மட்டும் அந்த வகுப்பு இன்னும் நடந்துகொண்டே இருந்தது.

குழந்தைப் பருவத் துன்பங்கள் பற்றி அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம், பெற்றோர் பிரிவு போன்றவை ஒருவருக்கு எத்தனை நேர்ந்தன என்று எண்ணினார்கள். எண்ணிக்கை கூடக்கூட, பெரியவரான பிறகு மனச்சோர்வும் இதய நோயும் கூடியிருந்தன. சிங்கப்பூரில் மனநலக் கழகம் செய்த ஆய்விலும் பத்தில் ஆறு பேருக்கு மேல் இப்படி ஏதாவது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். ஆனால் அக்கா போனதும் மாமா பேசியதும் அந்தப் பட்டியலில் வராது. பட்டியலில் இல்லை என்பதாலேயே பலர், "எனக்கு என்ன குறை, நல்ல வீட்லதானே வளர்ந்தேன்" என்று தங்களை அதட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பட்டியலில் நிறைய இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ரொம்பக் கஷ்டமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வாழ்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தது, நம்பிச் சாய ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அது பணிப்பெண்ணாக இருக்கலாம். அவர் ஊருக்குப் போகும் நாள் முடிவானால் இரண்டு மூன்று வாரம் முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். "உன்மேல கோபம் இல்லை, அவங்க வீட்டுக்குப் போறாங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெட்டி அடுக்கும்போது பிள்ளையும் கூட இருக்கட்டும். முடிந்தால் சாங்கி விமான நிலையம் வரைக்கும் கூட்டிப்போங்கள். அங்கே அழுதால் அழட்டும், பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை வீடியோ காலில் பேசவிடுங்கள்.

பழைய நினைவுகள் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வந்தால் தனியாகக் கிடந்து தவிக்க வேண்டாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுக்க இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் 1767க்கு எந்த நேரமும் அழைக்கலாம். பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்கு நேரிலும் போகலாம்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வேலை கொடுத்தேன். சண்டை போடாமல், அன்று காலை என்ன நடந்தது என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவரச் சொன்னேன். கேட்க அவருக்கு ஐந்து வாரம் ஆனது. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். பிறகு சொன்னாராம்: விமான நிலையத்துக்குப் போகும்போது, டாக்சியைப் பள்ளி வாசல் வழியாக விடச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். வாசலில் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறார்கள். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.