அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிப்போடும் முன்

அவர் பஸ் நடத்துனர். வயது நாற்பத்தாறு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி போகும் பஸ்ஸில் வேலை. நடுவழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குடல் நோய் மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் முடித்து, ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். "ஐ.பி.எஸ். என்றதும் பதவி உயர்வு என்று நினைத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தவிர முகத்தில் வேறு தெம்பு இல்லை.

"எட்டு மாதமாகக் காரம், புளிப்பு, மசாலா எதையும் தொடவில்லை மேடம். மூன்று வேளையும் தயிர்ச்சோறுதான். அப்படியும் மாலையானால் வயிறு பானை மாதிரி உப்பிவிடுகிறது."

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன்.

"சின்ன வெங்காயம். குளிர்ச்சிக்காக. வேளைக்கு ஏழெட்டு."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உணவியல் ஆலோசகராக இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வயிறு சரியில்லை என்றதும் வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது அஞ்சறைப்பெட்டி. சீரகம், மிளகு, இஞ்சி, மஞ்சள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உப்புச்சப்பில்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். வெங்காயத்தையும் பூண்டையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒன்று குளிர்ச்சி, இன்னொன்று வாயுவை எடுக்கும் என்று இரண்டுக்கும் நல்ல பெயர். நல்ல பெயர் எடுத்தவர்களை யார் விசாரிப்பது?

வெங்காயம், பூண்டு இரண்டிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய உண்டு. இதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியவே தெரியாது. குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கோ வாயுவால் குடல் விரிவதை அதன் நரம்புகள் வலியாக எடுத்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'ஃபாட்மேப்' உணவுமுறை இந்த வகைச் சர்க்கரைகளைச் சில வாரங்கள் குறைத்துப் பார்ப்பதுதான். கோதுமையிலும் ஃப்ரக்டான் உண்டு. பரோட்டா சாப்பிட்ட இரவு தூங்காதவர்கள் சால்னாவை மட்டும் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் சமைப்பவரையும் அஞ்சறைப்பெட்டியையும் சேர்த்து அழைத்து வரச் சொன்னேன். அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். எவர்சில்வர் பெட்டி, பெயர்தான் அஞ்சறை, உள்ளே ஏழு கிண்ணம். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள், காய்ந்த மிளகாய். மிளகாயை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்ற ஆறையும் மூடி, "இவை தாளிக்கிற அளவில் ஒன்றும் செய்யாது, போய்ச் சமையுங்கள்" என்றேன். அந்த அம்மா என்னை நம்பவில்லை. கணவரை நான் ஏதோ விளையாட்டுக்கு உட்படுத்துகிறேன் என்று நினைத்திருப்பார்.

பிறகு பையிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியே வந்தன. கடையில் வாங்கிய இஞ்சி பூண்டு விழுது. ஒரு சிக்கன் மசாலாப் பொட்டலம். பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் பூண்டுத்தூள், வெங்காயத்தூள் என்று இருந்தது. காயவைத்துப் பொடித்த வெங்காயத்தில் தண்ணீர் போய்விடுவதால் ஃப்ரக்டான் செறிந்திருக்கும். சூப் பொடி, மசாலா சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் பொட்டலங்களிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

"பூண்டைத் தட்டித்தான் ரசத்தில் போடுகிறேன் மேடம். அவர் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்" என்றார் அந்த அம்மா. சாம்பாரில் வெங்காயத்தையும் அப்படித்தான். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். ரசம் கொதிக்கும்போதே அது பூண்டை விட்டு இறங்கிவிடும். நீங்கள் ஓரமாக எடுத்து வைப்பது சக்கையை.

ஆனால் அது எண்ணெயில் கரையாது. சமையலுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது. பூண்டின் மணம் எண்ணெயில் இறங்கும், தொல்லை தருவது பூண்டிலேயே தங்கிவிடும். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஐந்து பல் பூண்டு, அடுப்பு சிறு தீயில். பூண்டைத் தட்ட வேண்டாம். முழுதாக, அதிகம் போனால் இரண்டாக நறுக்கிப் போடுங்கள். ஓரம் பொன்னிறமாகி, பக்கத்து அறையிலிருந்து "என்ன சமையல்?" என்று குரல் வரும் நேரத்தில் ஜல்லிக்கரண்டியால் ஒரு துண்டுகூட விடாமல் எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, தக்காளி, புளித்தண்ணீர் எல்லாம். தண்ணீர்ப் பொருள் எதுவும் பூண்டு உள்ளே இருக்கும்போது விழக்கூடாது. எடுத்த பூண்டை வீட்டில் வயிறு நன்றாக இருப்பவர் சாப்பிடலாம். சண்டை வரும் அளவுக்கு ருசியாக இருக்கும்.

இந்த எண்ணெயைப் பாட்டிலில் நிரப்பி மேடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெயில் பூண்டு கிடந்தால், வெளிச்சூட்டில் பாட்டுலினம் என்ற உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடம் உண்டு. நாற்றம் வராது, நிறம் மாறாது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்யுங்கள்.

வெங்காயத்துக்கு மாற்று கேட்டால் நான் முதலில் சொல்வது வெங்காயத்தாள். பச்சைப் பகுதி மட்டும். அடியில் இருக்கும் வெள்ளைக் குமிழில் மறுபடியும் அதே ஃப்ரக்டான். அடுத்தது பெருங்காயம். வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குழம்புக்கு அந்தக் கந்தக மணத்தைத் தந்துவந்தது அதுதான். சூடான எண்ணெயில் ஒரு சிட்டிகை பொரிந்தால் போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்: உண்மையான பெருங்காயப் பிசின் கொஞ்சம், மீதி மைதா அல்லது அரிசிமாவும் வேறு பிசின்தூளும். குடல் எரிச்சலுக்குச் சிட்டிகை மைதாவால் ஒன்றும் ஆகாது. சீலியாக் நோய் இருப்பவர்கள் மட்டும் அரிசிமாவு கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அவர்களுக்குக் கோதுமை சிட்டிகையும் ஆகாது. (நாம் இவ்வளவு சாப்பிடும் பெருங்காயத்தை நம் நாட்டில் பயிரிடத் தொடங்கியதே 2020 அக்டோபரில்தான். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் கன்று நட்டார்கள். அதுவரை ஆப்கானிஸ்தானும் ஈரானும் உஸ்பெகிஸ்தானும்தான் நம் ரசத்துக்கு மணம் அனுப்பின.)

தனியே எடுத்து வைத்த மிளகாய்க்கு வருகிறேன். மிளகாய் குடலைப் 'புண்ணாக்குகிறது' என்று சொல்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே புண் பழி மிளகாய்மேல் வேண்டாம். ஆனால் எரிச்சல் பழியிலிருந்து அது தப்ப முடியாது. மிளகாயில் உள்ள கேப்சைசின் நாக்கில் எந்த உணர்வியைத் தொட்டு 'சுடுகிறது' என்று சொல்லவைக்கிறதோ, அதே உணர்வி குடல் முழுக்க உண்டு. குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த உணர்வி கொண்ட நரம்பிழைகள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரம் விதையில் இருப்பதாக நினைத்து விதையை உதறுகிறோம். கேப்சைசின் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிற நரம்பில். அதைக் கீறி எடுத்துவிட்டால் காரம் நன்றாகவே இறங்கும். நிறம்தான் வேண்டும் என்றால் கர்நாடகத்து பேடகி மிளகாய் இருக்கிறது, சிவப்பு நிறைய, காரம் கொஞ்சம். மிளகாய்க்குப் பதில் மிளகு என்று தாராளமாக அள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: மிளகின் பைப்பரினும் அதே உணர்வியைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக.

சீரகத்தைச் 'சீர் அகம்' என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அதற்காகக் கைப்பிடிச் சீரகத்தைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியதில்லை. தாளிப்பில் பொரிகிற அளவு போதும். புதினா குடல் தசையைத் தளர்த்தும். வயிற்றுப் பிடிப்புக்கு அது உதவும். அதே தளர்வு உணவுக்குழாயின் அடி வால்வுக்கும் ஏற்படும் என்பதால் நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்குப் புதினாத் துவையல் பகை. ஒரே இலை, ஒரே வேலை, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு இரவெல்லாம் எரிச்சல். இஞ்சி குமட்டலுக்கு நல்லது. வெறும் வயிற்றில் சாறாகக் குடித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மாத்திரைகளில். சமையலில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளின் குர்க்குமினைப் பிரித்து மிளகுச் சத்தோடு சேர்த்து அடைத்த கேப்ஸ்யூல் வேறு. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் குர்க்குமின் உடலில் ஏறுவது 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று சொன்னது. அதையே விளம்பரமாக்கி விற்கிறார்கள். இப்படிப்பட்ட கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு என இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசுகளே எச்சரித்திருக்கின்றன. 'இயற்கை' என்று அட்டையில் போட்டிருந்தாலும், எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், முக்கியமாக வேறு மருந்து எடுப்பவர்கள்.

இவ்வளவும் சோதனைகள் முடித்து வந்தவர்களுக்கு. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, விழுங்கச் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் பூண்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நடத்துனருக்கு நான்கு வாரம் வெங்காயம், பூண்டு முழுதாக நிறுத்தினோம். தயிர் நன்றாகப் புளித்ததாக, ஒரு வேளை மட்டும். புளிக்கப் புளிக்க அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறையும். மற்ற வேளைகளில் பூண்டு எண்ணெய் ரசம், பெருங்காயம் தாளித்த கூட்டு, எலுமிச்சைச் சாதம். மூன்றாவது வாரம் உப்புசம் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னார். முழுதாகப் போகவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம், ஒரு பொருளுக்கு மூன்று நாள் வீதம், வேலை இல்லாத நாளாகப் பார்த்து. திரும்பச் சேர்ப்பதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறது, இப்படியே போகட்டும் என்று. அது தவறு. குடலில் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாவதும் இந்த ஃப்ரக்டான்தான். வேகவைத்த வெங்காயம் கொஞ்சம் அவருக்கு ஒத்துக்கொண்டது. பூண்டு ஒரு பல் பரவாயில்லை. பச்சைச் சின்ன வெங்காயம் மட்டும் எத்தனை முறை முயன்றாலும் முடியவில்லை.

போன மாதம் ஆண்டிபட்டியிலிருந்து போன் செய்தார். டீக்கடையில் மெதுவடை சாப்பிட்டதாகவும், கடித்த பிறகுதான் உள்ளே வெங்காயம் இருந்தது தெரிந்ததாகவும் சொன்னார். எத்தனை வடை என்று கேட்டேன். "இரண்டு மேடம்." சரி, கம்பம் போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: "குமுளியே வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது இன்னொன்று சாப்பிடலாமா?"