அச்சு அசலாக இருந்தால் நேரில் கண்டதா?

ஓவிய ரசனை வகுப்பில் மார்ட்டின் ஜான்சன் ஹீட் என்ற அமெரிக்க ஓவியர் 1871-இல் வரைந்த ஒரு படத்தைக் காட்டி எழுதச் சொல்வேன். ஒரு கட்லேயா ஆர்க்கிட் பூ, கூட்டருகே மூன்று ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்), பின்னால் பனிமூட்டத்தில் காடும் மலைகளும். அசல் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இந்த முறையும் கட்டுக்கட்டாக அதே பதில்: "ஓவியர் காட்டில் உட்கார்ந்து, கண்டதை அப்படியே வரைந்திருக்கிறார்." போதும், இனியாவது இப்படி எழுதாதீர்கள்!

நுணுக்கம் வேறு, சாட்சியம் வேறு. கிளையில் படர்ந்த பாசி தத்ரூபமாக இருப்பதால் அந்தக் காட்சி நடந்ததாக ஆகிவிடாது. ஹீட் 1863-இல் பிரேசில் போனவர், அங்கே ஓசனிச்சிட்டுகளை நேரில் தேடிப் பார்த்தவர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் சிவந்த வாலோடு ஒரு பறவை இருக்கிறதே, அது பொலிவியா, அர்ஜென்டினா பக்கத்து ஆண்டிஸ் மலைச் சரிவுகளில், புதர்க்காட்டில் வாழ்வது. ஆர்க்கிட்டோ கிழக்கு பிரேசிலின் ஈரக் காட்டுச் செடி. இரண்டும் ஒரே கிளையில் சந்திக்க வழியே இல்லை. ஸ்டூடியோவில் ஊட்டித் திரைக்கு முன்னால் எடுத்த போட்டோவைக் காட்டி, ஊட்டிக்குப் போய் வந்ததாகச் சொன்னால் நம்புவோமா? ஒவ்வொரு பொருளும் உண்மைதான். அவற்றை ஒன்றாக வைத்தது ஓவியரின் முடிவு. விளக்கம் எழுத வேண்டியது அந்த முடிவைப் பற்றித்தான்.

அப்புறம், கூட்டைப் பார்த்ததும் "அன்பான குடும்பம்" என்று எழுதுகிறார்கள். ஓசனிச்சிட்டுகளில் கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் பறவை மட்டுமே. ஆனாலும் ஹீட் பிரேசில் ஓசனிச்சிட்டுகளை வரைந்த வரிசைப் படங்கள் பலவற்றில் ஆணையும் பெண்ணையும் ஜோடியாக வைத்தார், சிலவற்றில் கூட்டருகே. குடும்பம் என்ற எண்ணம் அவர் காலத்து மனிதர்களுடையது. (இன்னொன்று: இது நம் ஊர்த் தேன்சிட்டு அல்ல. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு.)

எழுத உட்காரும் முன் பறவையின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அது வாழும் பகுதியை வரைபடத்தில் பாருங்கள். ஓவியர் பயணம் போன ஆண்டையும் படத்தின் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "இயற்கை அழகைக் கண்முன் நிறுத்துகிறார்" என்ற வரிக்கு மதிப்பெண் போடாதீர்கள். மலைகளெல்லாம் மங்கலாகப் பின்னால் ஒதுங்கியிருக்க, ஒரே ஒரு பூ ஏன் அவற்றைவிடப் பெரிதாக முன்னால் நிற்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் அங்கிருந்து எழுதத் தொடங்கட்டும்.